செட்டிநாட்டு வீட்டுச் சமையல்: எங்கே பிசகியது, எப்படிச் சரிசெய்வது

'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய கடைகளில் சாப்பிட்டுப் பழகியவர்கள் வீட்டில் சமைக்கும்போது, ருசி கொஞ்சம் குறைந்தால் கை உடனே மசாலா டப்பாவுக்குத்தான் போகிறது. மிளகு இன்னும் கொஞ்சம், பட்டை இன்னும் கொஞ்சம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்து வீடுகளில் தினமும் அடுப்பேறுகிற சமையல் அப்படிப்பட்டது கிடையாது. பருப்பு, மண்டி (அரிசி களைந்த தண்ணீரும் புளியும் ஊற்றி வைக்கிற காய்க் குழம்பு), கூட்டு, பச்சடி, ரசம், சாயங்காலம் இடைப்பலகாரத்துக்கு ஒரு பணியாரம். இவற்றில் பலவற்றுக்குப் பட்டை, கிராம்பு வாசமே படாது. அதனால் பிசகு வந்தால் மசாலாவைத் தேடாதீர்கள். வதக்குவது, ஊறவைப்பது, கொதிக்கவிடுவது, இதில் ஏதோ ஒன்றை அவசரமாகக் கடந்திருப்பீர்கள். எது என்று தெரிந்தால் பெரும்பாலும் அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

## குழம்பில் பச்சை வாசனை போகவில்லை

காரக்குழம்பு, பூண்டுக்குழம்பு, கத்திரிக்காய் புளிக்குழம்பு எல்லாவற்றிலும் வருகிற தொல்லை இது. முதலில் எது பச்சையாக நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். கொதிக்கும்போது முகர்ந்தால் எல்லா வாசமும் கலந்து வரும், எதுவும் பிரிந்து தெரியாது. மூக்கைக் குத்துகிற புளிப்பு வந்தால் புளி கொதிக்கவில்லை. மல்லித்தூள் டப்பாவைத் திறந்தால் வருகிற அதே வாசம் வந்தால் தூள் வதங்கவில்லை. நெடியடித்தால் வெங்காயத்தைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள்.

புளி என்றால் வேலை சுலபம். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, மூடாமல், நடுத்தரத் தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். மூடி போட்டால் ஆவி மறுபடி சட்டிக்குள்ளேயே விழும். வாசமும் போகாது, குழம்பும் வற்றாது.

தூள் என்றால் எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் முழுதாகச் சரியாகாது. குழம்பில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், மிளகாயும் மல்லியும் வறுபட அது பற்றாது. எண்ணெய்க்கு அதற்கு மேலே சூடேறும். அதனால் தனியாக ஒரு சின்ன வாணலியில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, நாலைந்து சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுச் சிவக்க வதக்குங்கள். குழம்பிலிருந்து அடிமண்டியாகக் கெட்டியான பகுதியை 2 கரண்டி எடுத்து அதில் ஊற்றி, தீயைக் குறைத்துக் கிளறுங்கள். தண்ணீர் வற்றி, ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகக் கசியும்போது அதைத் திரும்பக் குழம்பில் கொட்டி 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். முழுக் குழம்பையும் காப்பாற்ற இந்த 2 கரண்டி போதும். கரம் மசாலா தூவி மறைக்கப் பார்க்க வேண்டாம். பச்சை வாசனை அப்படியே இருக்கும், அதன்மேல் இன்னொரு வாசனை ஏறி நிற்கும், அவ்வளவுதான்.

வெங்காயம் என்றால் தீயைச் சிறிதாக்கி 15 நிமிடம் விட்டுவிட்டு, கரண்டியின் முதுகால் பாதி வெங்காயத்தை நசுக்கிவிடுங்கள். அடுத்த முறை வெங்காயம் போட்ட உடனே துளி உப்பையும் போடுங்கள். நீர் சீக்கிரம் விட்டு நன்றாகக் குழையும். தூளைப் புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தக்காளி கரைந்ததும் தீயைக் குறைத்து, தூளைப் போட்டு, ஒரு நிமிடம் பிரட்டி, அப்புறம்தான் புளி.

## எண்ணெய் மேலே வரவில்லை

"எண்ணெய் மேல வந்துருச்சா பாரு ஆத்தா, வந்தா எறக்கிரு." கூடத்தில் உட்கார்ந்தபடியே அடுப்படிக்குக் குரல் கொடுக்கிற ஆச்சிகள் இதைத்தான் கேட்பார்கள். மணி பார்த்து இறக்கச் சொல்வதில்லை.

காதாலும் கண்டுபிடிக்கலாம். தண்ணீர் நிறைய இருக்கும்போது குழம்பு 'களக் களக்' என்று பெரிய குமிழாகக் கொதிக்கும். தண்ணீர் குறையக் குறையக் குமிழ் சிறுத்து, சத்தம் 'சளசள' என்று தடிக்கும். அப்போது சட்டியின் ஓரத்தில் நூல் கனத்துக்கு எண்ணெய் பிரிந்து நிற்கும், குழம்பின் நிறமும் ஒரு சாயல் கருக்கும். அதுதான் இறக்கும் நேரம்.

அரை மணி நேரமாகியும் அது வரவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். தண்ணீர் அதிகம், எண்ணெய் குறைவு, அல்லது அரைத்த தேங்காய் அதிகம். தேங்காய் விழுது எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் என்றால் தீயைக் கூட்டி மூடாமல் வற்றவிடுங்கள். எண்ணெய் என்றால் பச்சை எண்ணெயை மேலே ஊற்றக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, கறிவேப்பிலையும் 2 பல் பூண்டும் தட்டிப் போட்டுத் தாளித்துக் கொட்டுங்கள். தேங்காய் அதிகமென்றால் எண்ணெய் பிரியாது, விட்டுவிடுங்கள். அது வேறொரு குழம்பு, நன்றாகவே இருக்கும், ஆனால் அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும். எண்ணெய் பிரிந்த பூண்டுக்குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும், தேங்காய் ஊற்றியது அப்படி நிற்காது.

## கோழிக்குழம்பு கசக்கிறது

பெரும்பாலும் கல்பாசியாலும் (காய்ந்த பாசி போலிருக்கும் ஒரு மசாலாப் பொருள்) கருகிய மசாலாவாலும்தான் இது வருகிறது. அரைக்கிலோ கோழிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மல்லி 2 மேசைக்கரண்டி, வரமிளகாய் 6 முதல் 8, மிளகு ஒரு தேக்கரண்டி, சோம்பு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, சிறிய துண்டுப் பட்டை, கிராம்பு 2, ஏலக்காய் ஒன்று, அன்னாசிப்பூ பாதி, மராட்டி மொக்கு ஒன்று, கல்பாசி நகத்தளவில் இரண்டு இதழ். கல்பாசி இதற்கு மேல் போனால் மண்வாசம் கூடி நாக்கின் அடியில் கசப்பு தங்கும். கடையில் பொட்டலம் வாங்கியதற்காக ஒரு பிடி அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

எல்லாவற்றையும் ஒன்றாக வாணலியில் கொட்டி வறுப்பதும் தப்பு. மல்லி சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். மல்லியை முதலில், மிளகாயைத் தனியாக ஒரு சொட்டு எண்ணெயில், மிளகும் பட்டை வகையும் அடுத்து, சோம்பும் சீரகமும் பிறகு. அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் சூட்டிலேயே கல்பாசியைப் போட்டுப் புரட்டினால் போதும்.

கசந்த குழம்பை என்ன செய்வது? கல்பாசிக் கசப்பென்றால் ஒரு கிண்ணம் கெட்டித் தேங்காய்ப்பாலும் துளி வெல்லமும் பெரும்பாலும் அடக்கிவிடும். அடிப்பிடித்த கசப்பென்றால் உடனே கரண்டியை வெளியே எடுங்கள். கிளறவே கூடாது. மேலே உள்ளதை மட்டும் சாய்த்து வேறு சட்டிக்கு மாற்றி, ஒரு கறித்துண்டைக் கழுவித் தின்று பாருங்கள். கறிக்குள் கருகல் ஏறவில்லை என்றால் புதிதாக வெங்காயம், தக்காளி வதக்கி அதில் சேர்த்துக் கொதிக்கவிடலாம். ஏறிவிட்டது என்றால் அதைச் சரிசெய்ய வழியில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் மிளகு ரசமும் முட்டையும் வைத்துச் சமாளியுங்கள், கருகியதைப் பரிமாறாதீர்கள்.

## காரம் தாங்கவில்லை

தண்ணீர் ஊற்றினால் காரம் போகாது, பரவும். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அதனால் தேங்காய்ப்பால், நெய், வேகவைத்து மசித்த துவரம்பருப்பு, இவைதான் கைகொடுக்கும். புளிக்குழம்பு என்றால் பருப்புத்தண்ணீர் ஊற்றிச் சாம்பார் பக்கமாகத் திருப்பிவிடலாம். கறிக்குழம்பு என்றால் தேங்காயோடு ஒரு தேக்கரண்டி கசகசா ஊறவைத்து அரைத்து ஊற்றுங்கள்.

மிளகாயையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் குண்டு மிளகாய் தடித்த தோலும் நல்ல நிறமும் உள்ளது. முண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீட்டு மிளகாய்க்குச் சொன்ன எண்ணிக்கையை அப்படியே குண்டு மிளகாய்க்கு மாற்றிப் போட்டால் ருசி மாறும். முதல்முறை பாதி போட்டு, அரைத்த விழுதைத் துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

## உப்பு கூடிவிட்டது

உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சும் என்பார்கள். கிழங்கு குழம்பைத்தான் உறிஞ்சும், உப்போடு சேர்த்து. மிச்சக் குழம்பில் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத எதையாவது சேர்த்துப் பெருக்குவதுதான் வழி. அரிசி களைந்த தண்ணீர், உப்பு போடாத பருப்பு, தேங்காய்ப்பால், குழம்புக்கு ஏற்றதைச் சேர்த்து மறுபடி ஒரு கொதி விடுங்கள்.

## மண்டி வழவழப்பாக இருக்கிறது, அல்லது தண்ணீராக ஓடுகிறது

வெண்டைக்காய் மண்டியில் பொடி கிடையாது, அரைத்த மசாலா கிடையாது. வெண்டைக்காய், உரித்த முழுச் சின்ன வெங்காயம், முழுப் பூண்டு, கீறிய பச்சை மிளகாய், புளி, அரிசி களைந்த தண்ணீர். சில வீடுகளில் மொச்சையும் போடுவார்கள். இவ்வளவு எளிமையான பண்டத்தில் தப்பை ஒளித்துவைக்க இடமே இல்லை. இந்தப் பக்கத்துச் சமையலைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன், கோழிக்குழம்பை அல்ல.

வழவழப்பாக இருந்தால் வெண்டைக்காயில் ஈரம் இருந்திருக்கிறது. கழுவித் துணியில் துடைத்து, காற்றாட வைத்துவிட்டு, அப்புறம் பெரிய துண்டாக நறுக்க வேண்டும். எண்ணெயில் போட்டு உப்பு சேர்க்காமல் வதக்குங்கள். முதலில் கரண்டியைத் தூக்கினால் நூல் இழுக்கும். பொறுமையாக விட்டால் அந்த நூல் அறுந்து, காயின் முனை லேசாகச் சுருங்கிச் சிவக்கும். அதற்கு முன்னால் தண்ணீர் பட்டால் வழவழப்பு முழுக்கக் குழம்புக்குள் இறங்கிவிடும். இறங்கிவிட்டது என்றால் இன்னும் கொஞ்சம் புளிக்கரைசல் ஊற்றி மூடாமல் கொதிக்கவிடுங்கள். புளிப்பு பட்டால் வழவழப்பு குறையும்.

தண்ணீராக ஓடினால் களைந்த தண்ணீரைப் பாருங்கள். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், அதைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை எடுக்க வேண்டும். அதுவும் அரிசியைக் கையால் நன்றாக அலசித் தேய்த்து, பால்போல வெளுத்திருக்கும்போது. பாக்கெட்டில் வரும் பளபளக்கிற அரிசியைக் களைந்தால் அவ்வளவு வெளுப்பு வராது. அப்போது ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றலாம், தப்பில்லை. களைந்த தண்ணீரை வைத்திருந்தால் அடியில் மாவு தங்கும். ஊற்றும் முன் கலக்கிவிடாமல் தெளிவை மட்டும் ஊற்றுகிறவர்களுக்கும் மண்டி ஓடத்தான் செய்யும்.

## பருப்பு வேகவே இல்லை

பழைய பருப்பு, உப்புத் தண்ணீர், முன்னாலேயே போட்ட புளி அல்லது தக்காளி, இந்த மூன்றில் ஒன்று. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர் உண்டு, அதில் பருப்பு வெண்ணெயாகக் கரையும் என்பார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமிருந்தால் பருப்பு இறுகிக்கொள்ளும். குடிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே வகைத் தண்ணீரில் மஞ்சள்தூளும் சொட்டு நல்லெண்ணெயும் விட்டு வேகவையுங்கள். உப்பும் புளியும் பருப்பு மசிந்த பிறகு. புளி போட்ட பின்தான் வேகாதது தெரிந்தது என்றால், பருப்பை வடித்துத் தனியாக வெந்நீரில் குக்கரில் போட்டு இன்னும் 3 விசில் விட்டு எடுப்பதுதான் வேகமான வழி.

## வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடிக்கிறது, உப்பவில்லை, சிவக்கிறது

பார்க்க எளிதாக இருந்து கையைச் சுடுகிற பலகாரம் இதுதான். பணியாரக் குழியில் ஊற்றுவது வேறு, இது எண்ணெயில் ஊற்றி எடுப்பது. எல்லாம் அளவில் இருக்கிறது, அந்த அளவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு டம்ளர் நிறையப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதே டம்ளரில், அந்த அரிசியின் மேலேயே, உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவியுங்கள். பருப்பு நிற்க மாட்டாமல் ஓரத்தில் சரிந்து விழ ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து, குறைவாகத் தண்ணீர் தெளித்து, விரலில் தேய்த்தால் மணல் தட்டாத அளவுக்கு மைய அரைக்க வேண்டும். உப்பு, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி காய்ச்சிய பால். மாவு கரண்டியிலிருந்து நிற்காமல் வழிய வேண்டும், தோசை மாவை விடச் சற்று இளக்கம்.

எண்ணெய் குடித்தால் உளுந்து கூடியிருக்கும், அல்லது மாவு நேரமாகிப் புளிக்க ஆரம்பித்திருக்கும். அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி கலந்து உடனே சுடுங்கள். இந்த மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நாளைக்குச் சுடலாம் என்று நினைக்கவே வேண்டாம், அரைத்த கையோடு சுட வேண்டும். எண்ணெய் காயாமல் ஊற்றினாலும் குடிக்கும். ஒரு துளி மாவை விட்டுப் பாருங்கள்: அடிக்குப் போய் உடனே மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் காயவில்லை, மேலேயே நின்று சிவந்தால் அதிகம் காய்ந்துவிட்டது.

உப்பாமல் தட்டையாக நின்றால் மாவு கெட்டி அல்லது நறநறப்பு. பால் ஒரு கரண்டி விட்டு இளக்குங்கள். நறநறப்பு என்றால் மறுபடி அரைப்பதைத் தவிர வழியில்லை. ஊற்றும் விதமும் முக்கியம். குழிவான இருப்புச்சட்டியின் நடுவில், ஒரே இடத்தில், ஒரு சின்னக் கரண்டி மாவை ஊற்ற வேண்டும், சுற்றி ஊற்றக் கூடாது. அது எழும்பி வந்ததும் சூடான எண்ணெயைக் கரண்டியால் அதன் தலையில் மெல்ல அள்ளி விடுங்கள். நடு உப்பி, ஓரம் மெல்லிய விளிம்பாக விரியும். திருப்பிப் போட்டு, நிறம் மாறும் முன் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

சிவந்தால் சர்க்கரையைக் குறையுங்கள், தீயையும். உள்ளே மாவாக இருந்தால் கரண்டி பெரிது.

தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல் வைத்துக் கண்ணில் நீர் வந்தால், தாளிக்கும் நல்லெண்ணெயைத் தாராளமாக விடுங்கள், வெங்காயத்தைக் கூட்டுங்கள். அந்தத் துவையல் கொஞ்சம் காரமாக இருந்தால்தான் வெள்ளைப் பணியாரத்துக்குப் பொருந்தும், முழுதாக அடக்கிவிடாதீர்கள்.

## குழிப்பணியாரம் சட்டியை விட்டு வரவில்லை

இருப்புப் பணியாரச் சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தீர்களா? அதுதான் காரணம். நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் காயவைத்து, ஆறவிட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் பழக்கத்துக்கு வரும். கருப்பட்டிப் பணியாரம் என்றால் இனிப்பு சட்டியில் பிடித்துக்கொள்ளும். தீயைச் சிறிதாக்கி, குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஓரம் தானாக விடும்வரை கம்பியை வைத்துக் குத்தாதீர்கள்.

## கவுனி அரிசி மெல்லவே முடியவில்லை

பர்மா வணிகத்தோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த அரிசி என்பார்கள். கறுப்புத் தவிடு நீக்காத அரிசி, அதனால்தான் இந்த முரட்டுத்தனம். இரவே ஊறவைக்க வேண்டும், ஒரு பங்குக்கு 4 பங்கு தண்ணீர். ஊதா நிறமாக மாறிய அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே குக்கரில் வேகவையுங்கள், நிறமும் சத்தும் அதில்தான் இருக்கின்றன. சர்க்கரையை முன்னால் போட்டிருந்தால் அரிசி இனி எளிதில் குழையாது. இனிப்பு அரிசியிலிருந்து நீரை இழுத்துவைத்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி குக்கரை மூடி, சிறு தீயில் 15 நிமிடம் வையுங்கள். பல்லில் பட்டால் நசுங்க வேண்டும், அதற்குப் பிறகு சர்க்கரை, நெய், தேங்காய்த் துருவல்.

## கும்மாயம் கட்டி தட்டுகிறது, பல்லில் மணல் கடிக்கிறது

உளுந்து மாவையும் கருப்பட்டியையும் நெய் விட்டுக் கிளறுகிற இனிப்புதான் கும்மாயம். அதில் கடிக்கிற மணல் கருப்பட்டியில் இருப்பது. கருப்பட்டியையும் வெல்லத்தையும் தட்டித் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்குவதை விட்டுவிட்டு மேலே உள்ளதை ஊற்றுங்கள். வடிகட்டி மட்டும் போதாது, நுண்ணிய மணல் அதிலும் இறங்கும்.

கட்டிக்குக் காரணம் சூடான பாகில் மாவைக் கொட்டியது. உளுந்து பெரும்பங்கு, பாசிப்பருப்பும் பச்சரிசியும் கொஞ்சம், மூன்றையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்து அரைத்த மாவை, ஆறிய பாகில் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கட்டி தட்டிவிட்டதா? உடனே இறக்கி மத்தால் கடையுங்கள். அதற்கும் உடையவில்லை என்றால் ஆறவிட்டு மிக்சியில் ஒரு சுற்று சுற்றி, மறுபடி அடுப்பில் வைத்து நெய் விட்டுக் கிளறலாம், ருசி கெடாது.

கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் அடியில் பிடிக்கும், அப்புறம் சட்டியை விட்டுச் சுருண்டு வரும், விட்ட நெய் ஓரத்தில் திரும்பக் கசியும். நனைத்த விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் இன்னும் 5 நிமிடம், ஒட்டவில்லை என்றால் இறக்கிவிடலாம். உளுந்தின் பச்சை வாசம் அதற்குப் பிறகும் இருந்தால் வறுத்தது போதவில்லை. இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டு, சிறு தீயில் நிறம் கறுக்கும்வரை கிளறுங்கள்.